வலது பக்கம் மங்கல்

புரட்டாசி 6, திங்கள்

இன்று பெட்டி வந்தது. மூன்று வாரம் வீட்டில் வைத்துக் கேளுங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கோயமுத்தூர்க் கடைக்கார அம்மணி சொல்லி அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு நோட்டு. தினமும் என்ன கேட்டது, எப்படிக் கேட்டது என்று அதில் எழுத வேண்டுமாம். எனக்கு எழுத்து வராது. எழுபத்தெட்டு வயதுக்கு மேல் அது வந்தும் பயனில்லை. அதனால் நான் சொல்கிறேன், சம்பந்தி எழுதுகிறார்.

சம்பந்தி என்றால் என் மருமகள் சுகந்தியின் அப்பா, அவினாசியப்பன். கோபிச்செட்டிபாளையத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். அங்கே அவர் வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்கள். அது முடிகிறவரை பொள்ளாச்சியில் எங்களோடு இருக்கிறார். பெண் கொடுத்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவருக்குக் கூச்சம். நோட்டைக் கண்டதும் பேனாவோடு வந்துவிட்டார்.

நான் பேசுகிற மாதிரி எழுத மாட்டாராம். எழுத்துக்கு என்று ஒரு தமிழ் இருக்கிறதாம். யாராவது பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சம்மதித்திருக்கிறார். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

பெட்டி கறுப்பு. இரண்டு செங்கல்லைப் பக்கம் பக்கமாக வைத்த அளவு. முன்னால் ஒரு குமிழ், ஒரு சின்ன விளக்கு. கடையில் இதற்கு டேக் என்றார்கள். நான் சொன்னால் அது டாக் என்று வருகிறது. டாக் என்றால் இங்கிலீஷில் நாய் என்கிறார் சம்பந்தி. அதனால் பெட்டி என்றே எழுதுகிறோம். விலையை எழுத வேண்டாம் என்று என் மகன் லோகநாதன் கேட்டுக்கொண்டான்.

பெட்டி என்ன செய்கிறது என்று சம்பந்தியிடம் கேட்டேன்.

"பாட்டை எல்லாம் இப்ப எண்ணா மாத்தி வெச்சிருக்காங்க. ஒண்ணு, சைபர், ஒண்ணு, சைபர். அந்த எண்ணைப் படிச்சு இது மறுபடியும் ஓசையாக்கும்."

"எழுத்துப் படிக்குமுங்களா?"

"எழுத்து படிக்காது. எண்ணு மட்டும்தான்."

"அப்பிடீன்னா எனக்கும் அதுக்கும் ஒரே படிப்புங்க."

சம்பந்தி சிரிக்கவில்லை. ஆனால் எழுதினார்.

புரட்டாசி 7, செவ்வாய்

நான் ஏன் இந்தப் பெட்டியைக் கேட்டேன் என்று எழுதச் சொன்னேன். லோகநாதனோடு அந்தக் கடைக்கு டிவி வாங்கப் போனேன். பக்கத்து அறையில் தவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஆளே இல்லை. இந்தப் பெட்டிதான் இருந்தது. தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டுகிற கூடு தோலில் விழுவது தனியாக, இடது கைக் குச்சி விழுவது தனியாகக் கேட்டது. டிவி வாங்கவில்லை.

எனக்கு ஓசைதான் தொழில். ஐம்பத்தொன்பது வருடமாகத் தேங்காய் வியாபாரம். காயைத் தட்டினால் உள்ளே பருப்பு முற்றியதா, தண்ணீர் வற்றியதா, அழுகலா என்று சொல்லிவிடுவேன். எழுபத்தேழாம் வருடம் ஐப்பசி மழையில் நனைந்து வந்த ஒரு லாரியில், மூன்றாவது அடுக்கில் ஏழு காய் அழுகல் என்று உடைக்காமல் சொன்னேன். உடைத்தார்கள். ஏழு. லாரி நம்பரும் சொல்வேன், 4186. எண் எனக்கு வரும்.

லோகநாதனுக்குப் பெட்டி பிடிக்கவில்லை. ஹாலில் ஏற்கெனவே இரண்டு ஸ்பீக்கரும், செல்லில் செருகி அதில் பாட்டு கேட்க அவன் வாங்கிய விரல் நீளக் குச்சி ஒன்றும் இருக்கின்றன.

"அந்தக் குச்சியில வர்ற சத்தந்தானுங்ளே இதுலயும் வருது?"

"உன்ற காதுல தேங்கா நாரு அடச்சிருக்குதுடா."

"சரீங்க. கண்ணைக் கட்டிக் கேளுங்க. பத்து தடவை மாத்தி மாத்திப் போடறோம். எட்டு தடவை சரியாச் சொல்லீட்டா பெட்டி நம்முளுது. இல்லீனா திரும்பிப் போவட்டும்."

மூன்றாவது வாரம் பரீட்சை என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துக்கே போகாதவனுக்குப் பரீட்சை.

புரட்டாசி 9, வியாழன்

இடது பக்கம் தேன். வலது பக்கம் மங்கல். வலது ஸ்பீக்கரில் வயலின் ஈரச் சாக்குக்குள் இருந்து வாசிப்பதுபோல் இருக்கிறது. கடைக்குச் சொல்லியாயிற்று. புதுப் பெட்டியில் கோளாறு இருக்கலாமா?

புரட்டாசி 10, வெள்ளி

கடையிலிருந்து மெக்கானிக் ஜெயசீலன் வந்தார். பொறுமைசாலி. வலது வயரை இடதிலும், இடது வயரை வலதிலும் மாற்றினார். கோளாறு பெட்டியில் இருந்தால் மங்கல் இடது பக்கம் போய்விடும் என்றார். போகவில்லை. ஸ்பீக்கர் இரண்டையும் தூக்கி இடம் மாற்றினார். அப்போதும் வலது பக்கம்தான் மங்கல். சம்பந்தியையும் லோகநாதனையும் கேட்டார். அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்கிறதாம்.

ஜெயசீலன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி ஒரு தடவை உக்காந்து கேட்டுப் பாக்கறீங்களா? மங்கல் எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்திரலாம்."

பாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார நான் என்ன அதோடு கோபித்துக்கொண்டா இருக்கிறேன்? முடியாது என்றேன். காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. வலது பக்கம் பீரோ இருக்கிறது. ஓசையை அது குடித்துவிடுகிறது.

சம்பந்தி என்னைப் பார்க்கிறார். பீரோ என்றே எழுதுங்கள் என்றேன்.

புரட்டாசி 11, சனி

பீரோவை நகர்த்தினோம். பரவாயில்லை. சுகந்திதான் பேசுவதில்லை, புடவை எடுக்கச் சமையலறைக்குப் போக வேண்டியிருக்கிறதாம்.

புரட்டாசி 12, ஞாயிறு

இன்று முதல் சம்பந்தி என் இடது பக்கம் உட்கார்ந்து எழுதுகிறார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். ஜன்னல் வலது பக்கம் இருக்கிறது. படித்தவர், ஏதாவது காரணம் இருக்கும்.

நேற்றுவரை அவர் என்னிடம் எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இன்று ஒரு தடவையே போதுமாக இருந்தது.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூசை. காலையிலேயே எங்கள் தேங்காய்க் களத்துக்குப் போய் லாரி, தராசு, காய் உரிக்கிற கடப்பாறை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துவிட்டு வந்தோம். வீட்டில் மிக்ஸி, சுகந்தியின் தையல் மிஷின், சம்பந்தியின் பேனா. கடைசியாகப் பெட்டி. எனக்கு இந்த வருடம் அதுதான் ஆயுதம். துணியால் துடைத்து, நெற்றிபோல இருந்த இடமாகப் பார்த்துப் பெரிய சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

பூசைக் காயை வழக்கம்போல நானே எடுத்தேன். நாற்பது காய் தட்டி, அதில் ஒன்று.

லோகநாதன் உடைத்தான். அழுகல்.

மணி அடித்துக்கொண்டிருந்த சுகந்தி கையை நிறுத்திவிட்டு, "அழுகிப் போனா கண்ணு பட்டதெல்லாம் அதோட போச்சுன்னு சொல்லுவாங்க மாமா" என்றது. நல்ல பிள்ளை. வேறு காய் எடுத்து உடைத்தார்கள். அதை யார் எடுத்தது என்று நான் கவனிக்கவில்லை. மேல்மட்டை காய்ந்த காய், அதன் குற்றம். அப்படிப்பட்ட காய் யாரையும் ஏமாற்றும்.

பூசை முடிந்து பாட்டு வைக்கலாம் என்று ரிமோட்டை அமுக்கினேன். பெட்டி அசையவில்லை. லோகநாதன் அமுக்கினான். பேட்டரி மாற்றினான். கட்டிலில் தட்டி அமுக்கினான். அசையவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய பெட்டி செத்துப்போனால் யார் பதில் சொல்வது என்று அவனுக்கு வியர்த்துவிட்டது. ஒரே நாளில் காயும் போய், பெட்டியும் போயிற்றே என்று நானும் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

சம்பந்தி பெட்டியோடு வந்த இங்கிலீஷ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வாசித்தார். பிறகு எழுந்து வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத்துணி கேட்டார். சந்தனத்தைத் துடைத்தார். ரிமோட்டை அமுக்கினார். பாடியது.

"ரிமோட்டை வாங்குற கண்ணு அதுதான். கண்ணுல சந்தனத்தை அப்பிட்டா யாருக்குத்தான் தெரியும் சம்பந்தி?"

"நெத்தீன்னு நெனச்சேனுங்க."

வந்த நாளிலிருந்து சம்பந்தி சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் லோகநாதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இனிமே நீங்க வெயில்ல களத்துக்கு வர வேண்டாமுங்க. காயை ஆளுங்களே தட்டிக்கட்டும்."

புரட்டாசி வெயிலில் பொன்னும் உருகும் என்று எனக்கே பழமொழி சொல்கிறான். பரீட்சை முடியட்டும், பெட்டியும் இங்கேதான் இருக்கும், நானும் களத்தில்தான் இருப்பேன் என்றேன். "எட்டு சரியாச் சொல்லுங்க, அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றான்.

புரட்டாசி 16, வியாழன்

விஜயதசமி. இன்றைக்காவது ஒரு 'அ' போடுங்கள் என்று சம்பந்தி தட்டில் அரிசி பரப்பி நீட்டினார். அரிசியைச் சுகந்தியிடம் கொடுத்துப் பொங்கல் வைக்கச் சொன்னேன். நன்றாக இருந்தது.

புரட்டாசி 19, ஞாயிறு

காலை நடை முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சம்பந்தி ஹாலில் தனியாகப் பெட்டியின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நாதசுரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து துணியால் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தூசி" என்றார்.

இதை எழுத வேண்டியதில்லை என்கிறார். கடைக்கார அம்மணி எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

பழகிப் பார்த்தேன். குச்சி, பெட்டி, குச்சி, பெட்டி. எனக்குத் தெரிகிறது. பெரும்பாலும் தெரிகிறது. ஜலதோஷம் கொஞ்சம் இருக்கிறது.

புரட்டாசி 23, வியாழன்

பரீட்சை முடிந்தது. பத்துக்குப் பத்து. பெட்டி இங்கேதான். நாளை காலை களத்துக்குப் போகிறேன்.

புரட்டாசி 24, வெள்ளி

களத்துக்குப் போனேன். இருபது காய் தட்டினேன். வந்துவிட்டேன்.

மீதியை மத்தியானத்துக்கு மேல் எழுதலாம் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு அப்படியே படுத்திருந்தேன். இப்போது மணி நான்கு. சொல்லிவிடுகிறேன்.

நேற்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். இரண்டின் சத்தமும் ஒரே அளவு இருக்கும்படி லோகநாதன் செல்லில் பார்த்துப் பார்த்து வைத்தான். குமிழைத் திருப்புகிற வேலை சம்பந்திக்கு. ஒரு பக்கம் திருப்பினால் குச்சி பாடும், மறுபக்கம் திருப்பினால் பெட்டி. திருப்பிவிட்டு ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார், நான் சொல்வேன், லோகநாதன் குறித்துக்கொள்வான்.

முதல் தடவை, "எப்படி இருக்கு?" என்றார். குத்துமதிப்பாகக் குச்சி என்றேன். இரண்டாம் தடவை, "இது எப்படி இருக்குதுங்க?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தி ஊரில் எல்லோரும் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவர்கள்தான். ஆனால் முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றதில் இவர் வாயிலிருந்து அது உதிர்ந்துவிட்டது. கலெக்டரே வந்தாலும் "வாங்க, உட்காருங்க" என்பதோடு சரி, அதற்கு மேல் ஒரு 'ங்க' விழாது. அந்த வாயில் நேற்று 'இருக்குதுங்க' எப்படி வந்தது?

பெட்டி என்றேன். அடுத்தது "இது?" குச்சி. அடுத்தது "இதுங்க?" பெட்டி. ஐம்பத்தொன்பது வருடம் வியாபாரம் செய்தவன் நான். சரக்கைத் தட்டுவதற்கு முன்னால் சரக்கு கொண்டுவந்தவன் வாயைத் தட்டிப் பார்ப்பேன். நேற்று நான் பாட்டைக் கேட்கவே இல்லை. சம்பந்தியைத்தான் கேட்டேன்.

இந்த இடத்தில் சம்பந்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நடந்த பேச்சை, எடுத்து எழுதுங்கள் என்று நான் கெஞ்சிய பிறகுதான் எழுதுகிறார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

"சொன்னீங்க. அஞ்சு தடவை."

"அஞ்சா?"

"பெட்டி பாடுனது அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் 'ங்க' உழுந்துச்சு. குச்சிக்கு ஒருக்காக்கூட உழுவலீங்க."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே தெரியாது சம்பந்தி. தெரிஞ்சு செய்யலை."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா ரண்டாவது தடவையே கண்டுபிடிச்சிருப்பேனுங்க. உங்க காதுக்குக் கேட்டுருக்குது, வாய் தானாப் பணிஞ்சிருக்குது. நாயம்ங்களா?"

"கேட்குது. முதல் நாளே கேட்டுச்சு. வீண் ஆடம்பரம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். அப்புறம் எந்த முகத்தோட நல்லா இருக்குன்னு சொல்றது?"

"எனக்கு வலது காது கேக்கறதில்லீங்க. ரண்டு வருசமா. இந்த வருசம் ரொம்ப மோசம்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"பீரோவை நகர்த்துனப்பவே."

"எழுதுங்க."

"எழுதட்டுமா? சுகந்தி படிப்பா."

"எழுதுங்க. காலைல இருவது காய் தட்டுனேன். ஆறு காய் எனக்கு ஒண்ணும் சொல்லலீங்க. ஆளுங்க எல்லாம் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறாங்க. ஒரு காயை நல்ல காய்னு கூடையில போட்டேன். போட்ட கையோட எடுத்து லாரிக்கு அடியில உருட்டி உட்டுட்டு வந்துட்டேன்."

லோகநாதன் வந்ததும் அவனிடமும் சொன்னேன். கோபிப்பான் என்று நினைத்தேன். வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்பப் பெட்டியைத் திருப்பி அனுப்பீரலாமுங்களா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் நாள் இருக்குதல்லொ. நாளைக்கு என்னைக் காது டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போ."

புரட்டாசி 25, சனி

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. காதில் மூடி மாட்டி, கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் அமுக்கக் கூடாது. அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து சத்தம் அனுப்புகிறாள்.

இடது காது சுலபம். வலது காது வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சத்தம் அனுப்புகிற போதெல்லாம் புருவத்தைக் கொஞ்சம் தூக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் புருவத்தைப் பார்த்து மூன்று தடவை அமுக்கினேன். நன்றாகக் கேட்கிறதே என்று அவள் தலையாட்டினாள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடிய பிறகு வெகுநேரம் நான் பொத்தானை அமுக்கவே இல்லை. அமுக்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியாது.

வயதானதால் வந்தது என்றார் டாக்டரம்மா. ஒரு பக்கம் மட்டும் குறை அதிகமாக இருப்பதால் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. காதில் மிஷின் வைத்தால் கேட்கும், பழையபடி கேட்காது என்றார். பழையபடி எதுதான் இருக்கிறது, வையுங்கள் என்றேன்.

புரட்டாசி 26, ஞாயிறு

கடைசி நாள். கடைக்கார அம்மணிக்குப் போன் போட லோகநாதன் செல்லை எடுத்தான். சம்பந்தி எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துத் துண்டை எடுத்துத் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, குறிச்சுக்குங்க."

குமிழ் திருப்புகிற வேலை எனக்கு. சேலத்து மாம்பழத்தை வாயில் அடைத்ததுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டு திருப்பினேன். மூச்சுக்கூட விடவில்லை. பத்துக்கு ஒன்பது. தப்பிய ஒன்றும், லோகநாதன் தவறாகக் குறித்துவிட்டான் என்று இன்னும் வாதாடுகிறார்.

பெட்டி இருக்கிறது. பீரோ பழைய இடத்துக்குப் போயிற்று. சுகந்தி பேச ஆரம்பித்துவிட்டது.

ஐப்பசி 1, சனி

கெடு முடிந்ததால் இந்த நோட்டு இனி கடைக்கு வேண்டாமாம். நாங்களே வைத்துக்கொண்டோம்.

நேற்று காதில் மிஷின் மாட்டினார்கள். துவரம்பருப்பு அளவு. இதற்குள்ளும் ஓசையை எண்ணாக்கி, எண்ணை ஓசையாக்குகிற ஒரு டேக் இருக்கிறதாம், சம்பந்தி சொல்கிறார். முதல் நாள் வேதனை. மின்விசிறி கத்துகிறது, தோசை கத்துகிறது, என் செருப்பே என்னைத் திட்டுகிறது. காலையில் களத்துக்குப் போய்க் காய் தட்டிப் பார்த்தேன். காய்கள் வேறு பாஷை பேசுகின்றன. ஆட்கள் முன்னாலேயே, இன்னும் எனக்குத் தெரியவில்லை, நீங்கள் தட்டுங்கள், நான் பக்கத்தில் நின்று பழகிக்கொள்கிறேன் என்றேன். சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது.

சாயங்காலம் பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். வலது பக்கம் வயலின் வந்தது. முழுதாக வரவில்லை. ஆனால் வந்தது.

பாட்டு நின்ற பிறகும் சரசரவென்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. எலி என்று நினைத்தேன். சம்பந்தியைக் கேட்டேன். அவர் கையை நிறுத்தினார், அதுவும் நின்றது. பேனா.

இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் சத்தமில்லாமல் தாளுக்குள் போகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்! எழுத்துக்கு ஓசை இருக்கிறது. சுழித்தால் ஒரு ஓசை, இழுத்தால் ஒரு ஓசை. புள்ளி வைத்தால் டக் என்று விழுகிறது. எனக்கு எழுத்து தெரியாதுதான், ஆனால் எழுதுகிறாரா இல்லையா என்பது இனிமேல் தெரியும்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். கோபியில் ஓடு மாற்றுகிறவர்களுக்கு ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகவே மாற்றட்டும். மாற்றி முடித்தாலும் சம்பந்தி இங்கேயே இருக்கலாம். இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.

பேனா நின்றுவிட்டது. கேட்கிறது எனக்கு.

எழுதுங்க சம்பந்தி.